சிகாமணி வண்டிக்கு அடி வைத்த கதை

நம்புகிறவர்கள் முன்னால் வந்து உட்காரலாம், நம்பாதவர்கள் பின்னால் நின்றபடியே கேட்கலாம், இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கதைதான். காங்கேயத்தில் தாராபுரம் ரோட்டோரம் கொப்பரைக் களம் வைத்திருந்த தெய்வசிகாமணி, ஊரார் வாய்க்குச் சுருக்கமாகச் சிகாமணி, வெள்ளை நிறத்தில் ஒரு புதுக் கார் வாங்கினான். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மனசு வராமல் அதன்மேலேயே சறுக்கிச் சறுக்கி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தக் காரின்மேல் அவனுக்கு ஒரு குறை வந்துவிட்டது. அடி கேட்கவில்லை.

அடி என்றால் கைகலப்பு இல்லை. பாட்டு ஓடும்போது மேலே ஒருத்தர் உருகி உருகிப் பாடிக்கொண்டிருக்க, கீழே தரையோடு தரையாகத் தொம் தொம் என்று ஒன்று உருண்டு போகுமே, காதுக்குள் நுழையாமல் உள்ளங்கால் வழியாக ஏறி வயிற்றில் வந்து குந்திக்கொள்ளுமே, அதற்குத்தான் எங்கள் பக்கத்தில் அடி என்று பேர். கம்பெனியில் வைத்து அனுப்பிய செட்டில் பாட்டு இருந்தது, அடி இல்லை. அவன் சகலை தங்கராசு தன் காரோடு தேருக்கு வந்திருந்தபோது, அந்த வண்டி நின்ற பக்கமெல்லாம் டீக்கடை பெஞ்சில் வைத்த டம்ளர்கள் தானாக நகர்ந்து ஓரத்துக்குப் போனதை ஊரே பார்த்தது. "என்னங்க சகல, உங்க வண்டியில பாட்டு ஓடுதா, கொசு பறக்குதா?" என்று தங்கராசு எல்லோர் முன்னாலும் கேட்டான். அன்றைக்கு முடிவானதுதான்.

கார்களுக்குச் சீட்டு உறையிலிருந்து செட்டு வரை எல்லாம் போடும் இஸ்மாயில், கரூர் ரோட்டில் கடை வைத்திருந்தவர், வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கம்பெனி செட்டக் கழட்ட வேண்டாமுங்க. அது பாட்டுக்கு அது இருக்கட்டும். பின்கதவு ஸ்பீக்கர் வயர்ல ஒரு இணைப்புப் போட்டுப் பாட்ட மட்டும் திருடிக்கலாம். அதைக் கொண்டுபோய் ஆம்ப்புக்குக் குடுத்தா, அது பெருசு பண்ணி டிக்கியில வெக்கற பெட்டிக்குக் குடுத்துரும். பேட்டரியில இருந்து தடியா ஒரு செவப்பு வயரு, ஃபியூஸோட. கறுப்பு வயர மட்டும் பாடியில எர்த் குடுக்கோணும். காசு அகலத்துக்கு எங்காச்சும் பெயிண்ட சொரண்டிக்கறேன்."

"சொரண்டறதா?" சிகாமணி வண்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றான். "புது வண்டி பாய். எம்பட மேலயே சொரண்டற மாதிரி இருக்குது."

"பெயிண்டு இருந்தா கரண்டு எறங்காதுங்க."

"எறங்கற எடத்துல குடுங்க. சொரண்டப்படாது."

இஸ்மாயில் பெருமூச்சு விட்டார். "டிரைவர் சீட்டு போல்ட்டுல வேணும்னா குடுக்கறேன். எர்த்து சரியா எறங்கலைன்னா என்னத்தையாச்சும் இழுத்துட்டு வந்து இரையும், அப்பறம் எங்கிட்ட வந்து சண்டை போடக் கூடாது."

"போட மாட்டேன்."

இப்படித்தான் கறுப்பு வயர் சீட்டு போல்ட்டில் போய் உட்கார்ந்தது, அந்தச் சீட்டின்மேல் சிகாமணி போய் உட்கார்ந்தான், சாவியைத் திருப்பினான், கதவு ஸ்பீக்கர்களில் பாட்டு எப்போதும்போல மெலிசாக ஓடியது, டிக்கியில் இருந்த பெட்டி மட்டும் கிணற்றுக்குள் குனிந்து பேசுகிறவன் குரலில், சாட்சாத் சிகாமணியின் குரலில், "தங்கராசு வண்டிய விட நல்லா அதிருதா?" என்று கேட்டது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களெல்லாம் கிணுகிணுத்தன. சிகாமணி வாயைத் திறக்கவே இல்லை. இஸ்மாயில் கையைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் நல்லாவே அதிருதுங்க," என்று பதில் சொன்னார்.

போகும் வழியில் டீக்கடை முன்னால் வண்டியை மெதுவாக்கி, "என்ன மாப்ள, யாவாரம் எப்படி?" என்று சிகாமணி வாயால் விசாரிக்க, டிக்கியிலிருந்து, "இவன் டீக்குக் கழனித்தண்ணி எவ்வளவோ மேல்," என்று தொம்மென்று எழுந்து கடையின் பாட்டில்களையும் டம்ளர்களையும் சிலுக்கிவிட்டுப் போனது. டீக்கடைக்காரன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தவில்லை. "அப்பறம் எதுக்கு மாமா தெனமும் வந்து ரெண்டு ரெண்டா குடிக்கறீங்க?" என்றான். அவ்வளவுதான், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, மறுநாளிலிருந்து டீ கொஞ்சம் திடமாக வந்தது.

ஆம்ப்பு பெரிசு பண்ணியது பாட்டின் அடியை அல்ல, அந்தச் சீட்டில் உட்கார்ந்தவரின் அடிமனசை என்பதை ஊர் இரண்டொரு நாளில் கண்டுகொண்டது, கண்டுகொண்டதும் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்த தெருவைப் போல அதை வைத்து என்னென்ன பண்ணலாம் என்று பார்க்க ஆரம்பித்தது. கல்யாணத் தரகர் மாப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, "சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க தம்பி, நல்ல வண்டி," என்று சீட்டில் ஏற்றினார். எந்தப் புடவை எடுப்பது என்று நாலு கடை ஏறி இறங்கியும் தெளியாத பெண்கள் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தார்கள், பெட்டி சட்டென்று நிறத்தைச் சொல்லிற்று. தனக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போன ஒரு ரிட்டையர்டு வாத்தியார் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டு போனார். எலெக்‌ஷனில் நின்றவர் மட்டும் அந்த ரோட்டுப் பக்கமே ஓட்டுக் கேட்க வரவில்லை, வராமலேயே ஜெயித்துவிட்டார். புருஷன் பெண்டாட்டிகள் முதலில் ஆசையாக வந்தார்கள், அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் உட்காரச் சொல்லிக் கதவோரமாகவே நின்றார்கள், அப்புறம் வரவில்லை.

பெட்டி பேசுவது இரண்டு பாகமாக வந்து சேரும். வார்த்தையின் முழக்கம் தரை வழியாக உள்ளங்காலில் ஏறும். எழுத்துகளோ பாத்திரத்திலும் கண்ணாடி வளையலிலும் ஜன்னல் கம்பியிலும் சிலுங்கிப் பிரிந்து காதில் விழும். காலும் காதும் சேர்ந்தால்தான் பேச்சு முழுசு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, இரண்டும் உள்ளவர்களுக்கு அது தன்னால் கேட்டது.

இனி நாச்சிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிகாமணியின் ஒரே அண்ணன். சிகாமணி தொட்டிலில் கிடந்தபோது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாச்சிமுத்துவுக்குப் பெரிய காய்ச்சல் ஒன்று வந்து, போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கேட்பது நின்றது, எழுத்துக் கூட்டும் முன்னாலேயே படிப்பு நின்றது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. தன் குரல் தனக்குக் கேட்காத மனிதர் அல்லவா, தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்தாற்போல ஒரே உச்சத்தில்தான் பேசுவார். கல்யாணம் கட்டவில்லை, தம்பி வீட்டிலேயே சாப்பாடு, களத்தில் வேலை, தேங்காய் உடைப்பது, காய வைப்பது, மேகம் கறுத்தால் ஓடி ஓடித் தார்ப்பாய் மூடுவது. தம்பியிடம் அவருக்கு உயிர். தம்பிக்கு அண்ணனிடம் என்ன என்று கேட்டால், வாய் ஒன்று சொல்லும்.

ஒரு கல்யாணத்தில், தாலி கட்டும் நேரம் எல்லோரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சடக்கி நிற்கையில், நாச்சிமுத்து பக்கத்தில் நின்ற சம்பந்தக்காரரைப் பார்த்து, "ஏனுங், இந்தப் பல்லு கட்டினதுங்களா? ரொம்ப நல்லா இருக்குதுங்க!" என்று மண்டபம் முழுக்கக் கேட்க விசாரித்தார். தங்கராசு விழுந்து விழுந்து சிரித்தான். சிகாமணிக்குத் தூணுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. அன்றையிலிருந்து விசேஷம் என்றாலே அண்ணனுக்குக் களத்தில் ஏதாவது ஒரு அவசர வேலை வந்துவிடும். கையை மேகம் மாதிரி உருட்டி, பத்து விரலையும் மழை மாதிரி இறக்கிக் காட்டினால் போதும், நாச்சிமுத்து தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இப்போது மகள் சௌமியாவுக்கு நிச்சயம் வைத்திருந்தது. ஈரோட்டுப் பக்கத்துச் சம்பந்தம், நாலு பேர் மதிக்கிற குடும்பம். குடும்பத்தில் மூத்தவர் கையால்தான் தட்டு மாற்றவேண்டும் என்பது இரண்டு பக்கத்துக்கும் வழக்கம். சிகாமணி மழைக்கு ஏற்கனவே ஏற்பாடு பண்ணி வைத்திருந்தான்.

அந்த மதியம் நாச்சிமுத்துவின் சைக்கிள் பஞ்சராகி, களத்து வாசலில் தம்பி வண்டியைக் கிளப்பிக்கொண்டிருக்க, கேட்காமல் கொள்ளாமல் முன்கதவைத் திறந்து அவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டு ஏறினார், கோவிலுக்குள் போகிறவர் மாதிரி. அவர் அந்த வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. இறங்கச் சொல்லவும் முடியாமல், ஏன் ஏறினாய் என்று கேட்கவும் முடியாமல், சிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான், நல்லதாக எதையாவது நினைக்கலாம் என்று முருகனை நினைத்தான், மயிலை நினைத்தான், பஞ்சாமிர்தத்தை நினைத்தான். கடைவீதியில், வண்டிகள் முன்னும் பின்னும் அடைத்துக்கொண்ட இடத்தில், பித்தளைப் பாத்திரங்களை உத்தரத்திலிருந்து சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கும் அங்கப்பன் கடைக்கு நேர் முன்னால், வண்டி நின்றுபோன அந்த நேரம் பார்த்துப் பெட்டி பேசிற்று.

"உன்னால எனக்கு வெக்கமா இருக்குதுண்ணா."

குடங்கள் சொல்லின, குத்துவிளக்குகள் சொல்லின, அண்டாக்கள் சொல்லின, வரிசையாகத் தொங்கிய கரண்டிகள் ஒவ்வொரு எழுத்தாக எண்ணிச் சொல்லின. கடைவீதியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேரத்தை விட்டார்கள். சிகாமணி ஸ்டீயரிங்கின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

நாச்சிமுத்து தன் கால்களைப் பார்த்தார். வெறும் பாதத்தை ஒருமுறை தூக்கி மறுபடி வைத்தார். உள்ளங்கையை எடுத்து டேஷ்போர்டில் அப்பினார். அவர் முகத்தில் காய்ச்சலுக்கு முந்தின பையன் ஒருத்தன் எட்டிப் பார்த்தான்.

"டேய் சிகா! கேக்குதுடா!" என்று கடைவீதி அதிரக் கத்தினார். "உன் பேச்சு கேக்குதுடா! நீ தொட்டில்ல கெடந்து கத்தினதுக்கப்பறம் இன்னைக்குத்தான்டா கேக்கறேன்! அப்பன் கொரலு, அப்படியே அப்பன் கொரலுடா உனக்கு!"

கண்ணில் தண்ணீர் ஓடிற்று, அதைத் துடைக்கக்கூடக் கையை டேஷ்போர்டிலிருந்து எடுக்கவில்லை. அப்புறம் கேட்டதை ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தார், நெற்றி சுருங்கிற்று.

"என்னால எனக்கு வெக்கமா இருக்குதுண்ணாங்கறியே... உன்னால என்னடா வெக்கம்? நீ என்னத்தடா பண்ணிப்போட்டே?"

காதில்லாத மனிதருக்குக் கால் மட்டும்தானே. கரண்டி சொன்னதும் குடம் சொன்னதும் அவருக்குப் போய்ச் சேரவில்லை, முழக்கம்தான் போய்ச் சேர்ந்தது. முழக்கத்தில் முதல் எழுத்து தேய்ந்துபோய் ஒரு முனகலாகத்தான் வரும், அது உ-வா எ-வா என்று அவரவர் மனசுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உன்னால என்று தன் தம்பி சொல்லுவான் என்பது நாச்சிமுத்துவின் மனசில் இல்லவே இல்லை. அதனால் அவர் எ-வை எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டவர் சும்மா இருக்கவில்லை. கதவைத் திறந்து வெறுங்காலோடு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எவன்டா எந்தம்பிய என்ன சொன்னவன்? அவன் வெக்கப்படற அளவுக்கு எவன்டா பேசினவன்? அங்கப்பா, நீ சொன்னியா?" என்று நேராகப் பாத்திரக் கடைக்குள் ஏறினார்.

எல்லாவற்றையும் எழுத்து பிசகாமல் கேட்டிருந்த அங்கப்பன், கல்லாவிலிருந்து எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்து ஒன்றுமில்லை என்று காட்டினார்.

"ஒண்ணுமில்லியா? ஒண்ணுமில்லாம அவன் இப்படி வெசனப்படுவானா? பாரு, தலைய நிமித்த மாட்டீங்கறான்!"

பழக்கடைக்காரி ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். ஒருத்தரும் நாச்சிமுத்துவிடம் விரலை நீட்டி, உன்னால என்று காட்டவில்லை. எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத அந்த ஊர் இந்த ஒன்றை மட்டும் வாங்கி வயிற்றில் வைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு தினமும் நாச்சிமுத்து குளித்து, தலை வாரி, செருப்பைக் கழற்றி, வண்டியில் ஏறி உட்கார்ந்து, கையை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, "ம், பேசு," என்பார். பெட்டி வேறு பேசத் தெரியாததுபோல அதையே பேசும். "விடுடா, நீ என்ன ஊரார் குடியையா கெடுத்தே?" என்று அண்ணன் சமாதானம் சொல்வார், தம்பி முதுகைத் தட்டுவார், அந்தத் தட்டு ஒவ்வொன்றும் சிகாமணிக்கு முதுகுத்தண்டில் ஆணி இறங்குகிற மாதிரி இறங்கும். "ஏசறதுன்னாலும் ஏசுடா. என்னத்தையோ ஒண்ணு பேசு. சும்மா மட்டும் இருக்காதே," என்பார் சில நாள்.

ஊர் அதற்கு ஒரு மரியாதை கண்டுபிடித்தது. அண்ணனும் தம்பியும் வண்டியில் வருகிறார்கள் என்றால், அங்கப்பன் கடையில் ஆளுக்கு ஒரு சரமாகப் பாத்திரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரன் டம்ளர்களைத் தண்ணீரில் முக்கினான். வீட்டுப் பெண்கள் வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு, தட்டின்மேலும் சொம்பின்மேலும் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்கள். சிலுக்கம் இல்லாவிட்டால் எழுத்துப் பிரியாது அல்லவா. தங்களுக்கு உரிமையில்லாத பேச்சைக் கேட்காமல் இருப்பதற்கு அதுதான் வழி. 'கை வைத்தல்' என்று அதற்குப் பேரும் ஆகிவிட்டது. "வண்டி வருது, கை வெய்யி," என்பார்கள்.

யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் சிகாமணி தாங்கியிருப்பான். கேலி பண்ணியிருந்தால் சண்டைக்காவது போயிருப்பான். தங்கராசுகூட ஒருநாள் வீட்டுக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சகலையின் தோளைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனான். தெரு நீளத்துக்கும் பாத்திரங்களின்மேல் பதிந்திருந்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுவது, துணியில்லாமல் நிற்கிறவனைப் பார்த்து ஊரே கண்ணை மூடிக்கொள்வது மாதிரி இருந்தது. துணி கொடுக்கிறவர் யாருமில்லை.

"கழட்டிப் போடுங்க அந்தச் சனியன," என்றாள் அவன் மனைவி பூங்கொடி. "நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்கள வெச்சுக்கிட்டு அது என்னத்தையாச்சும் சொல்லித் தொலைச்சா?"

இஸ்மாயிலிடம் போனான். அவர் டிக்கியைத் திறந்து பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"கழட்டறது என்னங்க, ஒரு வயர உருவினா ஆச்சு. உங்கண்ணனுக்கு மட்டும் நீங்க சொல்லிப்போடுங்க, இனிமே கேக்காதுன்னு. நான் சொல்ல மாட்டேன்."

சிகாமணி டிக்கிக்குள் குனிந்து பார்த்தான். "அந்த முதல் எழுத்த மட்டும் கொஞ்சம் தெளிவாக்க முடியுமா பாய்? அவருக்குக் கேக்கற மாதிரி?"

"அடியில எழுத்துப் பிரியாதுங்க."

"இல்ல, அது பேசறதையாச்சும் மாத்த..."

"அந்தச் சாமான் எங்கிட்ட இல்லீங்க," என்று இஸ்மாயில் டிக்கியை மெதுவாகச் சாத்தினார்.

நிச்சயம் வந்தது. விடிந்ததும் விடியாததுமாகச் சிகாமணி கையை மேகமாக உருட்டி, விரலை மழையாக இறக்கினான். வானம் துடைத்துவிட்ட தட்டுப் போல இருந்தது. நாச்சிமுத்து அண்ணாந்து பார்த்தார், தம்பியைப் பார்த்தார், "ஆமாமா, வந்தாலும் வரும்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து, இந்தப் பக்கம் இவர்களும் அந்தப் பக்கம் அவர்களும் உட்கார்ந்து, நடுவில் வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் வைத்த தட்டுகள் வந்தாயிற்று. மாப்பிள்ளையின் பெரியப்பா, வெள்ளை மீசைக்காரர், தன் பக்கத்துத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நல்லபடியாகத்தான் கேட்டார்: "பெரியவரு எங்கீங்க? உங்கண்ணன்?"

"அவருக்கு ஒடம்பு சொகமில்லீங்க. காச்சல்," என்றான் சிகாமணி.

"அடடா. பரவால்லீங்க, நீங்களே மாத்துங்க. எல்லாம் ஒண்ணுதான்."

எல்லாம் ஒன்றுதான் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சிகாமணி தட்டைத் தூக்கினான். வண்டி வெளியே வேப்பமரத்தடியில் சாவியில்லாமல் நின்றது, ஆம்ப்பு உறங்கியது, பெட்டி உறங்கியது. தூக்கிய கைதான் நடுங்கிற்று, தட்டில் இருந்த குங்குமச் சிமிழ் மெல்லக் கிணுகிணுவென்றது. அவ்வளவுதான் சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும், அங்கப்பனும், டீக்கடைக்காரனும், தங்கராசும், பந்தி விசாரிக்க நின்ற பெண்களும், யாரும் யாரையும் பார்க்காமல், பழக்கதோஷத்தில், எதிரில் இருந்த காப்பி டம்ளரின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்கள்.

ஈரோட்டுக்காரர்கள் இதுவும் இந்த ஊர் வழக்கம்போல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மரியாதைக்குத் தாங்களும் டம்ளரின்மேல் கை வைத்தார்கள்.

சிகாமணி தட்டைக் கீழே வைத்தான். "சித்தெ இருங்க. வந்தர்றேன்," என்றான், யார் பதிலுக்கும் நிற்காமல் செருப்புக்கூட மாட்டாமல் வெளியே போய் வண்டியைக் கிளப்பினான்.

களத்தில் வெயில் கொப்பரையின்மேல் எண்ணெயாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து அந்த வெயிலில் தார்ப்பாயை மடியில் வைத்துக்கொண்டு, வராத மழைக்காக வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சிகாமணி அவர் முன்னால் போய் நின்றான். பெட்டியில் பிரியாத எழுத்து கையில் பிரியும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான், விரலை நீட்டினால் உன்னால, மடக்கி நெஞ்சில் வைத்தால் என்னால, அதில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. முதலில் இருந்தது உன்னாலதான், அதை முதலில் சொல்லிவிட வேண்டும், அப்புறம்தான் என்னால. அவன் ஆள்காட்டி விரலை அண்ணனை நோக்கி நீட்டினான். அப்புறம் இரண்டு கையாலும் தன் முகத்தை மூடிக் காட்டினான், வெட்கத்துக்கு அவர்கள் வீட்டுச் சைகை அதுதான்.

நாச்சிமுத்து விரல் காட்டிய திசையைப் பார்த்தார். விரல் அவருடைய நெஞ்சில் வந்து நின்றது. நெஞ்சில் இருந்தது களத்துச் சட்டை, எண்ணெய்க் கறையும் பித்தான் போன இடமும் அக்குளில் கிழிசலுமாக.

"அட, ஆமாடா!" என்று கத்தினார். "இதைப் போட்டுக்கிட்டு வந்தா உனக்கு வெக்கந்தானே! இரு இரு, ஒரு நிமிசம் இரு!"

சிகாமணி இல்லை இல்லை என்று கையை ஆட்டினான், நெஞ்சைத் தொட்டுக் காட்டினான், என்னால என்னால என்று வாய்விட்டே சொன்னான். அவர் அதற்குள் ஓடிவிட்டார். காவல் அறைக்குள் தகரப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், சௌமியாவின் சீருக்கென்று எப்போதோ எடுத்துத் தைத்து வைத்ததாம், நெற்றி நிறையத் திருநீறு, ஈரம் தொட்டு வாரின தலை. தம்பி தன்னைக் கூப்பிட வந்திருக்கிறான் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. மழையை மறந்துவிட்டார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வண்டியில் ஏறி, வெறுங்காலைத் தரையில் பதித்து, இரண்டு கையையும் டேஷ்போர்டில் வைத்துக்கொண்டார்.

"ம். பேசு."

சிகாமணி ஓட்டினான். அடியில் என்ன இருக்கிறதென்று அவனுக்கே தெரியாமல்தான் ஓட்டினான். கடைவீதி வந்தது. வண்டியைக் கண்டதும் ஊர் கை வைத்தது, மண்டபத்துக்கு வராதவர்களெல்லாம் கடைக்கு முன்னால் வந்து நின்று குடத்தைப் பிடித்தார்கள், கரண்டிச் சரத்தைக் கட்டிப் பிடித்தார்கள், ஒரு வளையல்கூடச் சிலுங்கவில்லை. கையை எடுங்க, இன்னைக்கு ஒரு நாள் கையை எடுங்க என்று கத்த வேண்டும்போல இருந்தது அவனுக்கு. வாயைத் திறந்தான். அப்போது டிக்கியிலிருந்து எழுந்தது, அவன் குரலில், அவன் அப்பன் குரலில், முன்னைக்கெல்லாம் இருந்ததைவிட ஆழமாக, சீட்டின் போல்ட்டு வழியாக அவன் எலும்பிலேயே ஏறி:

"என்னால எனக்கு வெக்கமா இருக்குதுண்ணா."

கண்ணாடியில் பார்த்தான். வீதியின் இரண்டு பக்கமும் ஊர் பாத்திரங்களைப் பிடித்துக்கொண்டு, கேட்காத முகத்தோடு, மரியாதையாக நின்றது. முதல் எழுத்து மாறினது அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்தது.

நாச்சிமுத்து கண்ணை மூடி, உள்ளங்காலால் கடைசி முழக்கம் வரை கேட்டு முடித்தார். பிறகு திரும்பி, புதுச்சட்டைக் கையால் தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, மண்டபத்து வாசலில் காத்திருந்த சம்பந்திகள் வரைக்கும் கேட்கிற சத்தத்தில் கேட்டார்:

"அட, இன்னைக்கும் அதே பாட்டுத்தானாடா? மாத்துடா!"